மூன்று இரவு, நான்கு பகல்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம், முதல் மாடி.
நனைந்த குடையை வாசலில் விட்டேன்.
பயண முகவர் பொடியன் கேட்கிறான்:
"பெய்ரூட்டுக்கு முதல் தடவையா, அக்கா?"

இல்லை என்று சொல்லலாம்.
ஏழு வருஷமும் நாலு மாதமும் என்று சொல்லலாம்.
அஞ்சாம் மாடி, பின்பக்க லிஃப்ட்,
குசினிக்குப் பக்கத்தில் கால் நீட்ட முடியாத அறை என்று
விலாசத்தையே சொல்லலாம்.
"ஆமா தம்பி" என்றேன்.
ஒரு வகையில் அதுதான் சரி.

நான் கண்ட மத்தியதரைக் கடல்
உடுப்புக் கொடிக்கும்
எதிர்வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவே
ஒரு சாண் அகலம்.
மதாமின் மேசைவிரிப்பு காயும் நாளில்
அதுவும் இல்லை.

எனக்கு முன்னால் அங்கே இருந்தவள் ரீட்டாவாம்.
வந்த அன்றே அந்தப் பேரை எனக்கு வைத்தார்கள்,
அவள் விட்டுப்போன செருப்பையும்.
செருப்பு ஒரு அளவு பெரிசு.

பதினெட்டு மாதம்
டிக்கோயாக் கடையில் ரொட்டி தட்டி
சீட்டுக் கட்டினேன்.
அந்தச் சீட்டுக் காசில்தான் இந்தச் சீட்டு.
"கூரைக்குத் தகரம் மாத்தியிருக்கலாமே"
என்றார் தியாகு.
சரிதான். மூன்று இடத்தில் ஒழுகுது.
பேசி முடித்துவிட்டு அவரே ஏறி
பரணிலிருந்த சூட்கேஸை இறக்கினார்.
உள்ளே பல்லி முட்டை இரண்டு.

யதுஷிகா ஃபோனில் வரைபடம் திறந்தாள்.
விரலால் அகட்டி அகட்டி
"இந்தக் கட்டிடமா, அம்மா?"
மேலிருந்து பார்த்தால் எல்லாம் சாம்பல் சதுரம்.
நானோ அந்த வீட்டை
உள்ளிருந்து மட்டும்தான் பார்த்தவள்.
துறைமுகம் வெடித்த வருஷம்
நான் துடைத்த கண்ணாடிகள் என்ன ஆயினவோ
என்று நினைத்தது உண்மை.
மனுஷரை நினைக்குமுன் கண்ணாடியை நினைத்தேன்.
அதுவும் உண்மை.

முதல் நாள்: தூங்குவது.
யாரும் மணியடிக்காத காலையில்
எத்தனை மணிக்கு விழிப்பேன் என்று
எனக்கே தெரியவேண்டும்.

இரண்டாம் நாள் கடலோர நடைபாதை.
ஒரு நாற்காலி. ஒரு கோப்பி.
யாராவது கொண்டுவந்து வைக்கவேண்டும்.
குடித்த கோப்பையை அப்படியே விட்டு
எழுந்து போகவேண்டும்.
இதை மட்டும் வீட்டில் பழகிப் பார்த்தேன்.
கை தன்பாட்டில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு
குழாயடிக்குப் போகுது.

மூன்றாம் நாளுக்கு ஒன்றும் எழுதவில்லை.
"அந்த வீட்டுக்குப் போவீங்களா?"
யதுஷிகா கேட்டுவிட்டாள்.
ரமிக்கு இப்போது இருபத்திரண்டு இருக்கும்.
காய்ச்சலில் அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு
தூங்கிய மாதத்தில்தான்
இங்கே உனக்கு முதல் பல் விழுந்தது, மகளே.
அவளிடம் இதைச் சொல்லவில்லை.
"மழை பெய்யாட்டி பார்க்கலாம்" என்றேன்,
அங்கே மழைக்காலம் எப்போது என்று
மறந்தவள் மாதிரி.

"வருகையின் நோக்கம்?" பொடியன் கேட்கிறான்.
முன்பு அதை வேறொருவன் நிரப்பினான்,
காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.
"சுற்றிப் பார்க்க."
தட்டுகிறான், தலை நிமிராமல்.

"பேர்? பாஸ்போர்ட்டில் உள்ளபடி."
புவனலோஜினி.
பாதியில் நிறுத்தி மறுபடி கேட்டான்.
ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்,
அவசரமில்லாமல்.

"கடல் தெரியும் அறைன்னா
ராவுக்கு இருபது டொலர் கூட, அக்கா."
மூன்று ராவுக்கு எத்தனை தகரம் வரும் என்று
மனசு தானாகக் கணக்குப் போட்டது.
ஆனால் காரணம் அது இல்லை.
"வேணாம். ஜன்னலில் பார்த்தது போதும்.
நடந்துபோய்ப் பார்க்கிறேன்."

படியிறங்கப் போனவள் திரும்பி வந்தேன்.
"தம்பி, அறைச் சாவியை
என் கையிலதானே தருவாங்க?"

"சாவி எல்லாம் இப்ப இல்ல அக்கா," சிரித்தான்,
"ஒரு அட்டை தருவாங்க."