நாற்பத்தொன்றாவது கல்

மதியம் ஒரு மணிக்குக் காற்று வேலைக்கு வரும்.
அதற்குள் முடித்துவிடு என்கிறாள் நிக்கனோரா,
வண்டியின் மூக்கை மேற்கே திருப்பி நிறுத்தியபடி.
வேறு பக்கம் பார்த்து நின்றால்
திறந்த கதவு திரும்பி வராதாம்.
போன கதவு ஒன்றை அவளுக்குத் தெரியும்.

நாலாயிரம் மீட்டர் உயரம். கதாமார்க்கா மாகாணத்தின் கடைக்கோடி.
வெள்ளை எரிமலைப் பாறை, அதன்மேல் கறுப்புச் சரளை.
சரளை அலையாக,
அலைக்குப் பின் அலையாக,
ஆள் உயரத்துக்கு எழும்பி
விழ மறந்து நிற்கிறது.

என் மடியில் செவ்வாயின் படம்.
அதே அலைகள், ஏறக்குறைய அதே இடைவெளி.
அங்கே காற்று என்பது
நம் காற்றில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.
ஒரு கூழாங்கல்லை ஒரு விரற்கடை தள்ள
எத்தனை காலம் முக்கியிருக்கும்?
அதைக் கணக்குப் பார்க்கத்தான் லா பிளாத்தாவிலிருந்து
இரண்டு பஸ், ஒரு தலைவலி.

இன்னொரு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.
"இந்தச் சுவரை யார் கட்டியது?"
சுவர் இல்லை, ஆறு.
ஆற்றின் அடியில் சரளை இறுகியது.
தண்ணீர் போன பிறகு காற்று வந்து
இரு கரையையும் அரித்துத் தின்றது.
இறுகியது மட்டும் மிஞ்சி
மேடாக வளைந்து வளைந்து போகிறது.
"ஆக, கரை ஓடிவிட்டது, ஆறு நிற்கிறது"
என்று சிரித்தாள்.
பிறகு வெகு நேரம் சிரிக்கவில்லை.

போன ஆண்டு அறுபது கற்களுக்குச் சிவப்பு பூசி
அலையின் முதுகில் வரிசை வைத்திருந்தோம்.
நாடா பிடித்து அளக்கிறோம்.
ஏழு: நான்கு விரல்.
பன்னிரண்டு: அசையவே இல்லை;
காற்றுப் பார்த்த கன்னத்தில் மட்டும் சாயம் இல்லை.
முப்பது: உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம்,
பள்ளிச் சுவரேறிக் குதித்த பையன்போல.

நாற்பத்தொன்று இல்லை.

மண்டியிட்டுத் தேடினேன். சரளையைக் கிளறினேன்.
மணி ஒன்றடித்தது.
மணல் முதலில் கணுக்காலைத் தொட்டது,
அப்புறம் பல்லுக்குள் வந்தது.
அட்டவணையில் மூன்றே கட்டம்:
காற்று. நீர். தெரியவில்லை.
மூன்றாவதில் குறி போட்டேன்.

திரும்பும் வழியில் கணவாயில் நிறுத்தினாள்.
வழிப்போக்கர் குவித்த கற்குவியல்,
கொக்கா இலை, காலிப் புட்டிகள்.
பூமித்தாய்க்கு ஒரு மிடறு ஊற்றக் குனிந்தாள்.
குவியலின் நடுவில்
சிவப்பாக, எண் கொஞ்சம் மங்கி,
அது.

"நான்தான். ஆகஸ்டில்.
கொடுக்கக் கையில் எதுவும் இல்லை. அழகாக இருந்தது."
வண்டி மீட்டரைப் பார்த்தேன்: பதினொரு கிலோமீட்டர்.
மேல்நோக்கி.
எந்தக் காற்றும் செய்யாத வேலை.

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன்.
அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது:
முன்னூறு கோடி ஆண்டுக் கற்கள்,
உருட்டிய நீர் போய்விட்டது,
செதுக்கும் காற்று ஓயவில்லை,
அதில் ஒன்றைக்கூட இதுவரை யாரும்
அழகு என்று எடுத்து
இன்னொன்றின்மேல் வைத்ததில்லை.

கல்லை எடுக்கவில்லை.
அட்டவணையில் நான்காவதாகக் கையாலேயே ஒரு கோடிழுத்தேன்.
தலைப்பு எழுதுவதற்குள்
தாளைப் பிடுங்கப் பார்த்தது காற்று.
"கதவு!" என்று கத்தினாள் நிக்கனோரா.