எரிபொருள் மிகைக்கட்டணம்

இரவு ஒன்பதரைக்கு நான் உட்காரும்போது
அங்கே நடு மத்தியானம்.
வரைபடத்தில் விரல்நுனி வைத்தால்
முழுதும் மறைந்துபோகும் அந்தத் தீவின்
கரண்ட் பில்களுக்கெல்லாம்
மடிப்பாக்கத்தில், இரண்டாம் மாடியின்
பின்பக்க அறையிலிருந்து
நான்தான் பதில்.

ஃபேனை நிறுத்திவிட வேண்டும், சத்தம் மைக்கில் ஏறும்.
கழுத்தில் ஈரத்துண்டு.
பெயர் கேட்டால் ஏமி. அமுதவல்லி வாயில் நுழையாது.
ஊர் கேட்டால் சொல்லக் கூடாது.

அவர்கள் கடலை விளம்பரத்தில் பார்த்திருக்கிறேன்:
நீலம், ஒரு தென்னை,
சாய்வு நாற்காலியில் யாருடையவோ வெள்ளைக் கால்கள்.
பில்லில் அது எதுவும் வராது.
பில்லில் வருவது டீசல் கப்பலின் விலை,
மீட்டர் வாடகை,
போன புயலில் சாய்ந்த கம்பங்களுக்காக
மாதம் நாலு டாலர், இன்னும் ஆறு வருஷம்.

விலைவாசி எனக்கு அத்துப்படி.
திட்டுகிறவர்கள் கணக்கையும் சேர்த்தே ஒப்பிப்பார்கள்:
பெட்டி கோழிக்கால் எவ்வளவு,
வியாழக்கிழமைக் கப்பல் வராவிட்டால்
வெங்காயம் எவ்வளவு,
முட்டை, சிலிண்டர், பிள்ளையின் சீருடை.
சுற்றிலும் கடல் இருந்தும்
ஓட்டல்கள் எடுத்ததுபோக மிச்சம்தான் மீன்.
மாம்பழத்துக்கு மட்டும் விலை கிடையாதாம்,
ரோட்டில் விழுந்து நசுங்கி
வண்டி வழுக்குமாம்.
அதைச் சொல்லும்போது எல்லோருக்கும்
குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

நேற்று டெல்ஃபீன்.
வாசலில் ஐஸ் விற்கிறவள். புளியும் சர்க்கரையும்
கரைத்து உறையவைத்தது
என்றபோது இங்கே எனக்கு எச்சில் ஊறியது.

"ராத்திரி ஃப்ரீசரைப் பிடுங்கிவிடுகிறேன்,
நாலு மணிக்கு எழுந்து சொருகுகிறேன்.
அப்படியும் எப்படி இருநூற்றுப் பன்னிரண்டு?"

திரையைப் பார்த்து வாசித்தேன்,
"எரிபொருள் மிகைக்கட்டணம் உயர்ந்திருக்கிறது, மேடம்."

"இதை உன் அம்மாவிடம் சொல்வாயா நீ?"

பக்கத்து அறையில் அம்மா குறட்டை.
சொல்லியிருக்கிறேன், வேறு வார்த்தையில்.
யூனிட்டுக்குப் பத்து ரூபாய் போடுகிறார் ஓனர்.
அரசாங்கத்தின் இலவச யூனிட்
கீழ்வீட்டோடு நின்றுவிடும்,
மாடி ஏறாது.
பிடுங்கிச் சொருகியும் பார்த்தாயிற்று டெல்ஃபீன்,
மாவு புளித்ததுதான் மிச்சம்.
இதெல்லாம் எழுதிக்கொடுத்த தாளில் இல்லை.

அப்போது பின்சந்தில் சேவல் கூவியது.

அந்தப் பக்கம் பேச்சில்லை. பிறகு,
"சாயங்காலம் ஏழு மணிக்கு
எந்த ஊரில் கூவும் சேவல்?"

மியூட்டில் போட்டேன். எடுத்தேன்.
"பொறுமைக்கு நன்றி, மேடம்."
அவள் சிரித்தாள்.
ஃப்ரீசர் மூடி ஒருமுறை திறந்து மூடியது.
"சரி, சொல்லாதே. அங்கே புளி இருக்கிறதா?"

ம் என்றேன்.
பதிவாகியிருக்கும் அந்த ம்.
வெள்ளிக்கிழமை தணிக்கையில் கேட்பார்கள்.

பதினைந்து நாள் கெடு போட்டுக்கொடுக்கலாம், என் அதிகாரத்தில் உண்டு.
தேதி அடித்து,
சேமிக்கப் போன விரல் பொத்தானைத் தொடுமுன்
தெருவே அணைந்தது.
மோடத்தின் பச்சைப் புள்ளி போனது.
ஹெட்செட்டில் அவளுடைய பாதி வார்த்தை.
இன்வெர்ட்டருக்காகத்தான் சீட்டு கட்டுகிறேன்,
இன்னும் எட்டு தவணை இருக்கிறது.

லேப்டாப் வெளிச்சத்தில்
மின்வாரியப் புகார் எண்ணை அழுத்தினேன்.
தூக்கம் கலையாத ஒரு பெண்.
இணைப்பு எண் கேட்டாள், ஏரியா கேட்டாள்,
"பதிவு பண்ணியாச்சு மேடம், கொஞ்சம் பொறுமையா..."
அவளுக்குப் பின்னால்
ஃபேன் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஆறு மணிக்கு வந்தது கரண்ட்.
டெல்ஃபீன் கணக்கைத் திறந்தேன்.
கெடு பதிவாகியிருக்கவில்லை.
கீழே, வேறு யாரோ எழுதிய குறிப்பு:

வாடிக்கையாளர் மீண்டும் அழைத்தார்.
சேவல் வைத்திருக்கும் பெண்ணிடம்தான் பேசுவாராம்.
புரியவில்லை.
அழைப்பு முடிக்கப்பட்டது.