விதி ஏழு, உட்பிரிவு ஆ

பேரங்காடியின் நகரும் படிகள் நின்ற பிறகு
இரவு பதினொன்றே காலுக்கு
பைகளைத் தோளில் போட்டு நடந்தே ஏறுகிறார்கள்
நான்கு பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள்.
வியர்த்தபடி பனிக்குப் போகிறவர்கள்
உலகத்தில் வேறெங்கும் இருப்பார்களா தெரியவில்லை.

ஜூரோங்கில், மூன்றாம் மாடியில்,
பிறந்தநாள் கொண்டாட வந்த குழந்தைகள்
விழுந்து எழுந்து மிச்சம் வைத்த ஐஸ்,
மணிக்கு அறுநூறு வெள்ளி.

யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாதவள் என்று
வீட்டில் எனக்குப் பெயர்.
இப்போது மாதம் இருபது மணி நேரம்
வாங்கி, பங்குபோட்டு, கணக்கெழுதுகிறேன்.

செயலாளர் யார் என்று கேட்டபோது
எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.
நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவ்வளவுதான், தேர்தல்.

சறுக்குவேன், சுமாராக.
நிற்க மட்டும் வராது,
சுவரில் மோதித்தான் நிற்பேன்.

அரையிறுதியன்று மாலை
மேற்கு அணியின் கோல்காவலனைத்
தேசிய சேவை திரும்ப அழைத்துக்கொண்டது.
மாற்று ஆள் இல்லை.
நடுவர்கள் இருவருக்கும் பணம் கொடுத்தாயிற்று.
'யாராவது நிற்கட்டுமே, ஆடாமல் போவதற்கு'
என்று சொன்னவள் எதிரணித் தலைவி ஜியா வென்.
என் காதால் கேட்டேன்.

பார்வையாளர் வரிசையில்
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்திருந்த நித்திலன்
கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.
ஜூலையில் பட்டம் வாங்கியவன்,
பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் வேலை.
இரவல் முகக்கவசம்,
ஒரு அளவு சிறிய காலணி.
முப்பத்தொரு அடிகளைத் தடுத்தான்.
மேற்கு அணி, இரண்டுக்கு ஒன்று.

ஒன்று நாற்பதுக்கு முறையீடு வந்தது.
உரிய படிவத்தில், ஐம்பது வெள்ளிக் கட்டணத்தோடு,
ஜியா வென்னின் கையெழுத்தோடு.
விதி ஏழு, ஆ:
நடப்புப் பருவத்தில் பதிவுபெற்ற மாணவர் மட்டுமே.

எழுதியவள் நான்.
போன வருஷம் ஒரு அணி
முப்பது வயது வங்கிக்காரரை இறக்கியபோது
கோபத்தில் எழுதினேன்.
'மட்டுமே'யில் அந்த ஏகாரம் என்னுடையது.

தலைவர் பரிமாற்றத் திட்டத்தில் ஃபின்லாந்தில்.
அங்கே ஏரியே உறைந்து கிடக்கிறதாம், இலவசமாக.
'நீயே பார்த்துக்கொள்' என்று
ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.
குழுவில் இருவர் அப்படி, இருவர் இப்படி.
பொருளாளர் ஃபாரிஸ் கேட்டான்:
ஐம்பது வெள்ளியைத் திருப்ப வேண்டுமா, வேண்டாமா?
அவனுக்கு அது தெரிந்தால் போதும்.

வாய்ச்சம்மதம் விதியை மாற்றுமா?
மாற்றினால், நாளை எவன் எதைச் சொன்னான் என்று
இரவு இரண்டு மணிக்கெல்லாம் நான் சாட்சி தேட வேண்டும்.
மாற்றாவிட்டால்,
உதவிக்கு எழுந்தவனைக் குற்றவாளியாக்க வேண்டும்.

கோப்பிக்கடையில் இரண்டாவது கோப்பி ஓ ஆறியது.
முறையீட்டை ஏற்றேன்.
ஐந்துக்குப் பூஜ்யம், எதிரணிக்கு வெற்றி.
ஜியா வென்னே ஆட ஒப்புக்கொண்டாள் என்பதையும்
அறிக்கையில் சேர்த்தேன்.
அவள் அதை நீக்கச் சொன்னாள்.
நீக்கவில்லை.
இப்போது அவளும் பேசுவதில்லை,
மேற்கு அணியும் பேசுவதில்லை.
சுவர் எங்கே என்று
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்.

நித்திலன் மட்டும் மறுநாள் அழைத்தான்.
பின்னால் பாரந்தூக்கியின் எச்சரிக்கை மணி.
'ஆட்டம் செல்லாது, சரி.
அந்த முப்பத்தொன்று எங்கேயாவது இருக்குமா?'

செல்லாத ஆட்டத்துக்குப் புள்ளிவிவரம் கிடையாது.
விதி பதினொன்று. அதுவும் என் கைவரிசை.

அட்டவணையைத் திறந்தேன்.
கடைசிப் பத்தி 'குறிப்பு'.
ஐஸ் தாமதம், விளக்குப் பழுது,
யாரோ மறந்துவிட்டுப்போன கையுறை,
இதெல்லாம் எழுதுகிற இடம்.
அதற்கு விதி எதுவும் நான் எழுதியிருக்கவில்லை.

31 என்று தட்டினேன்.
சேமித்தேன்.
அடுத்த சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு
யார் வருகிறார்கள் என்று
நால்வருக்கும் செய்தி அனுப்பினேன்.