வெடிப்பை வாசிப்பவர்கள்

கிழங்கு பருத்தால் மேடு வெடிக்கும்.
அதைப் பார்த்துத்தான்
குச்சியை எந்தப் பக்கம் செருகுவதென்று முடிவு செய்வோம்.
பெரியதை மட்டும் உருவிக்கொண்டு
சின்னதுகளை இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று
மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வருவோம்.
செரேரேயில் எங்கள் களஞ்சியம் நிலத்துக்குள்தான்.

கூன்வண்டுக்குத் தோண்டத் தெரியாது.
எறும்பளவு உடம்பு, நீண்ட மூக்கு.
அதுவும் அதே வெடிப்பைத்தான் வாசிக்கிறது.
எனக்கு முன்னால் வாசித்துவிட்டால்
அன்றைக்குப் பானையில் வேகும் சர்க்கரைவள்ளியில்
சர்க்கரை இருக்காது.
பன்றிகூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

ஆகவே ஜனவரி முழுக்க
முதுகை மடக்கி மண் அணைக்கிறேன்.
வெயில் திறப்பதை நான் மூடுகிறேன்.
நான் மூடியதை மறுநாள் வெயில் திறக்கிறது.
இருவருக்கும் வேறு வேலையில்லை.

விவசாய ஆபீசர் ஒகிரியா மோட்டார் சைக்கிளில் வந்தார்.
மஞ்சள் ஜெரிக்கேனில் சன்னல் வெட்டி
சோப்புத் தண்ணீர் ஊற்றி
பெண்வண்டின் வாசம் ஏற்றிய ரப்பர்த் துண்டை
உள்ளே கட்டித் தொங்கவிட்டுப் போனார்.
இரவில் ஆண்கள் வருகிறார்கள்,
இல்லாத பெண்ணைத் தேடி.
விடிந்ததும் ஒரு குச்சியால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணுவேன்.
நாற்பத்தாறு.
அறுபது.
நூற்றுப் பன்னிரண்டு.

என் மேடுகளில் விரல் நுழைய இடமில்லை.
நட்ட கொடியும் நுனிக்கொடிதான்;
முட்டை ஒளியும் அடித்தண்டை அன்றே எரித்தாயிற்று.
பின்னே எங்கிருந்து?

வேலி கிடையாது எங்களுக்கு.
ஒரு ஷியா மரம், அதற்கு அப்பால் அமொடிங்கின் நிலம்.
அவள் நவம்பரிலிருந்து
புருஷனோடு சொரோட்டி ஆஸ்பத்திரியில்.
அறுவடை நாள் தாண்டி அவள் கிழங்குகள் நிற்கின்றன,
மேடெல்லாம் வாய் பிளந்து.

போன் அடித்தேன். அணைந்திருந்தது.
மறுபடி.
மூன்றாம் நாள் யாரோ எடுத்து
அப்புறம் கூப்பிடு என்றார்கள், பின்னால் யாரோ முனகினார்கள்.
நான்காம் நாள் மண்வெட்டியோடு எல்லை தாண்டினேன்.

திருட்டுக்கும் உதவிக்கும்
மண்வெட்டி ஒன்றுதான்.

இரண்டு பகல்.
உடைத்தால் உள்ளே கறுத்த சுரங்கம்,
சுரங்கத்தில் வெள்ளைப் புழு,
புழுவின் பின்னால் அதன் எருவும் அந்த நாற்றமும்.
இடுப்பளவு பள்ளம் வெட்டிக் கொட்டி
மூடி, மேலே ஏறி நின்று மிதித்தேன்.
பழைய கொடியைக் கொளுத்தினேன்.
நல்லது தேறியது ஒன்றரைத் தாம்பாளம்.
தோல் சீவி, மெலிசாக அரிந்து
பார்ப்பவர்கள் பார்க்கட்டும் என்று
பாதையோரப் பாறையில் உலர்த்தினேன்.
கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்: இது அமொடிங்குடையது.
கேட்காதவர்களுக்கும்.

பிப்ரவரியில் வந்தாள்,
ஒரு கால் குறைந்த புருஷனைத் தோளில் தாங்கி.
அவனை உட்கார வைத்ததும் நிலத்தைப் பார்த்தாள்.
“யாரைக் கேட்டு?”

மூட்டையை முன்னால் வைத்தேன்.
உலர்ந்த துண்டொன்றை ஒடித்து
வாயில் போட்டு வெகுநேரம் மென்றாள்.
கசப்பைத் தேடுகிறாள் என்று தெரிந்தது.
கிடைக்கவில்லை, அதுதான் அவளுக்குக் கோபம்.
“ஒரு நிலம் முழுக்க இவ்வளவுதானா?”
பள்ளத்தைக் காட்டினேன்.
“தோண்டிப் பார்க்கட்டுமா?”
“தோண்டு.”
தோண்டவில்லை.
மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள்.
எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே
அந்த வாரம் கோழி மட்டும்தான் போய்வந்தது.

நேற்று மாலை
அடிபம்புக்குப் போகிற அமொடிங்
தலையில் குடத்தோடு என் வரப்பில் நடந்தாள்.
நான் இருப்பது அவளுக்குத் தெரியும்.
மூன்றாம் மேட்டருகே நின்றாள்.
என் கண்ணுக்குத் தப்பிய ஒரு வெடிப்பு.
குடம் அசையாமல்
குதிகாலால் மண்ணை இழுத்து
இரண்டு தரம் அழுத்தினாள்.
போய்விட்டாள்.

இன்று காலை ஜெரிக்கேனில் பதினொன்று.
எண்ணிவிட்டுக் கொட்டினேன்.