வேகம் பூஜ்ஜியம்

துர்பே தானியச் சந்தை வாசலில்
எனக்கு முன்னால் நாற்பத்தொரு லாரிகள்.
நான் கடைசியாகக் கண்ணை மூடியது
சித்ரதுர்காவில், ஒரு டீ ஆறுகிற நேரம்.

ஏற்றி வந்தது ஜவ்வரிசி.
தொண்ணூறு கிலோ மூட்டை, இருநூற்றெழுபது.
நவராத்திரிக்கு முன் இறங்கியாக வேண்டும்.
விரதம் இருப்பவர்கள் இந்த ஊரில்
அரிசியைத் தொடமாட்டார்களாம், இதைத் தின்பார்களாம்.
பட்டினிக்கும் ஒரு பலகாரம் உண்டென்று
ஸ்டியரிங் பிடித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

தூக்கத்தை விரட்ட ஆளுக்கொரு வழி.
நல்லேந்திரன் பச்சை மிளகாயைக் கடைவாயில் ஒதுக்கிக்கொள்வான்.
நான் எதிரே வருகிற வண்டிகளின் நம்பரைக் கூட்டுவேன்.
ஒன்பது வந்தால் ஜன்னலைத் திறப்பது, நான்கு வந்தால்
கிளீனர் சீட்டைப் பார்த்து ஏதாவது பேசுவது.
அந்த சீட்டில் இப்போது தண்ணீர் கேன் வருகிறது.
பெல்ட் போட்டிருக்கிறேன் அதற்கு.

சாத்தாராவுக்கு இப்பால்
ரோட்டின் குறுக்கே பந்தி நடந்துகொண்டிருந்தது.
இலை போட்டு, உப்பு வைத்து, தண்ணீர் தெளித்து
வரிசையாக ஆட்கள்.
அழுத்தினேன் பிரேக்கை.
பின்னால் வந்தவன் ஒதுங்கிப் பக்கத்தில் நிறுத்தி
என் அம்மாவைச் சொல்லித் திட்டினான்.
அவன் திட்டி முடிக்கிற வரைக்கும் இலைகள் இருந்தன.

இப்போது நேரம் கிடைத்திருக்கிறது.
விடிகிற வரை வரிசை நகராது என்கிறார் காவலாளி காம்ப்ளே.
மழை. தார்ப்பாய் கட்டு சரியாக இருக்கிறது.
கைலிக்கு மாறிக் காலை நீட்டிப் படுத்தால்
கால் இல்லாத கிளட்சை மிதிக்கிறது.
கண்ணுக்குள் வெள்ளைக் கோடு
விட்டு விட்டு வந்துகொண்டே இருக்கிறது.
நிற்கிற வண்டிதான் என்னைக் குலுக்குகிறது.

சாவியைத் திருப்பினேன்.
எஞ்சின் அதிர்வு பலகை வழியாக
முதுகுத்தண்டில் ஏறியதும்
யாரோ போர்த்திவிட்ட மாதிரி இருந்தது.
அப்படியே போய்விட்டேன்.

போன்.
சங்ககிரியிலிருந்து சென்னியப்பன் அண்ணன்.
'எஞ்சின் ஓடுது, வேகம் பூஜ்ஜியம்னு காட்டுது.
ஒரு மணி நேரமா என்னடா பண்ற?'
'ஏர் ஏத்தறேனுங்ணா. பிரேக்குல ஏர் நிக்க மாட்டேங்குது.'
பொய் தானாக வந்தது.
'டீசல் யார் காசு?'
நான் அணைத்தேன். அவர் வைக்கவில்லை.
அந்தப் பக்கம் மின்விசிறி கடகடக்கிற சத்தம்,
அவர் மூச்சு, ஒரு தம்ளரை வைக்கிற சத்தம்.
மணி இரண்டே கால்.
ஆறு வண்டிக்கும் பத்தாம் தேதி தவணை.
'சரி, படு' என்றார் கடைசியில்,
தானும் படுக்கப் போகிறவர் குரலில் அல்ல.

விடிந்து, நகர்ந்து, நகர்ந்து, ஒன்பது மணிக்கு
என் மூட்டைகள் இறங்கின.
மாத்தாடிகள் கொக்கி மாட்டி, முதுகில் ஏற்றி,
ஓட்டமும் நடையுமாக அட்டி போட்டார்கள்.
கணக்கெழுதுகிற பையன் பென்சிலைக் காதில் செருகிவிட்டு
'தோ சௌ உனத்தர்' என்றான். ஒன்று குறைகிறது.
குறைந்தால் என் கூலியில்தான் பிடிப்பார்கள்.

எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.
தூணுக்குப் பின்னால், அட்டியில் சேராமல்
தனியாகப் போட்ட மூட்டையில் தலை வைத்து
ஒரு மாத்தாடி கிடந்தார்.
நரைத்த மீசை. வாய் திறந்திருந்தது.
உள்ளங்கையில் கொக்கி இன்னும் இருந்தது.
ஈ ஒன்று அவர் உதட்டோரம் நடந்து
மூக்கைச் சுற்றிவிட்டுப் போயிற்று.
அவருக்குத் தெரியவில்லை.

பதினோரு மணிக்குப் பன்வேலில் அடுத்த லோடு.
பையன் என்னைப் பார்த்தான்.
தூணை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றுகொண்டு
முதலிலிருந்து எண்ணச் சொன்னேன்,
மெதுவாக.