ஆள் எத்தனை

"ஆள் எத்தனை?"
என்று கேட்டார் பாவாடை,
மஞ்சக்குப்பம் மைதானத்தோரம்
வண்டியை விட்டு இறங்காமலே
வீடு பிடித்துத் தருகிறவர்.
ஒன்று என்றேன்.
பொய்யில்லை.
கேட்டது ஆளைத்தானே.

ஆவணிக்குள் காலி செய்ய வேண்டும்.
பழைய வீட்டை இடித்து
மகனுக்கு மூன்று மாடி கட்டுகிறார்கள்.

மறுநாள் போகிற வழியில் சொன்னேன்:
இரண்டு நாய், மூன்று பூனை.
பாவாடை பிரேக் போட்டார்.
"பிள்ளைகுட்டி இல்லாதவங்கன்னு
சொல்லி வெச்சிருக்கேனேம்மா."
அதுவும் பொய்யில்லை.

புதுப்பாளையத்தில் மாடி போர்ஷன்.
கீழ்வீட்டு அம்மா முதலில் என்னை விசாரித்தாள்.
சொந்த ஊர் எது
ஊரில் எந்தத் தெரு
குலதெய்வம் எந்தப் பக்கம் என்று
சுற்றிச் சுற்றி
ஒரே கேள்வியின் வாசலில் வந்து நின்றாள்.
நான் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.
பிறகு நாய்களைப் பற்றிக் கேட்டாள்:
"ஜாதி நாயா, நாட்டு நாயா?"
இதை மட்டும் நேராகவே கேட்டாள்.
தெருவில் கிடைத்தவை என்றேன்.
எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து
ஒரே தடவையாகக்
கதவைச் சாத்தினாள்.

திருப்பாதிரிப்புலியூரில்
வீட்டில் மீன் சமைக்கக் கூடாது என்றார்கள்.
பூனைகள் பச்சையாகவே தின்னும் என்று
நான் சொல்லியிருக்க வேண்டாம்.

ஒரு முறை மறைத்தும் பார்த்தேன்.
ஒண்டிக்கட்டை, ஆஸ்பத்திரி லேபில் வேலை,
சத்தமே இருக்காது என்றேன்.
வீட்டுக்காரம்மா என் துப்பட்டாவிலிருந்து
ஒரு வெள்ளை முடியை எடுத்தாள்.
பிறகு ஒரு செம்பட்டை.
பிறகு ஒரு கறுப்பு.
மூன்றையும் என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை மடக்கிவிட்டாள்.

முதுநகரில்தான் ஒருவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.
"ஏதாவது ஒண்ண வெச்சுக்க.
மத்தத விட்டுடு."

அன்றிரவு ஐந்தையும் உட்கார்ந்து பார்த்தேன்.
கேப்பர் மலை ஜெயில் மதிலோரத்திலிருந்து
ஸ்கூட்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்த கேப்பர்.
கரண்ட் பில் கட்டிய வரிசையில்
மீதிச் சில்லறையோடு கிடைத்த ரசீது.
துறைமுகத்தில் கவலை மீனைத் திருடித் தின்றுகொண்டிருந்த
கவலை.
(எனக்குக் கவலை இருக்கிறது,
இரவில் மடியில் தூங்குகிறது
என்றால் லேபில் சிரிக்கிறார்கள்.)
பஸ் சக்கரத்திடம் ஒரு காலைக் கொடுத்துவிட்டு
மீதியை என்னிடம் கொண்டுவந்த முக்காலி.
ஐந்தாவது, போன வாரம் வந்த குட்டி.
அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
பெயரில்லாததை விடுவது சுலபம் என்று
ஒரு நிமிஷம் நினைத்தேன்.
மறுநிமிஷம் பெயர் வைத்துவிட்டேன்.
அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

பாவாடை போனை எடுப்பதை நிறுத்தியிருந்தார்.
திடீரென்று ஒரு மதியம் அவரே கூப்பிட்டார்:
"கம்மியம்பேட்டையில ஒண்ணு இருக்கு.
யாரும் வர மாட்டாங்க. வந்து பாரு."

கெடிலத்துக்குப் புறங்காட்டி நின்றது வீடு.
கூடத்துச் சுவரில் பென்சில் கோடுகள்,
பக்கத்தில் வருஷங்கள்.
பிள்ளை வளர்வதைக் குறிப்பதுபோல
ஆறு வளர்ந்ததைக் குறித்திருந்தார்
வீட்டுக்காரர் சம்மந்தம்.
ஒரு கோடு என் முழங்காலுக்கு.
ஒன்று இடுப்புக்கு.
ஒன்றைப் பார்க்க
நான் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது.

"கார்த்திகையில தண்ணி வரும்.
வாடகை தராம, சொல்லாம கொள்ளாம வரும்.
அதையே உள்ள விடுறேன்,
இதுங்கள விடமாட்டனா?"

பிறகு கேட்டார்:
"நீச்சல் தெரியுமா?"
யாருக்கு என்றேன்.
"எல்லாருக்குந்தான்."

அட்வான்ஸை எண்ணிக் கொடுத்தேன்.
நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே
ரசீது கேட் தூணில் போட்டுவிட்டது.
கூடையைத் திறந்ததும்
முக்காலி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றியது,
ஜன்னல் கட்டைக்குத் தாவித் தவறியது,
மறுபடி தாவியது,
அங்கிருந்து அலமாரி,
அங்கிருந்து பரண்.
மேல்கோட்டுக்கு ஒரு சாண் மேலே
உட்கார்ந்து
இல்லாத காலையும் சேர்த்து
நக்கிக்கொள்ளத் தொடங்கியது.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன்,
அதன் பக்கத்தில்
இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறது என்று.