பதினான்காம் நாள்

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
ஒவ்வொன்றிலும் இரண்டு துவரம்பருப்பு போட்டால் நிறையும்.
இடமிருந்து வலமாக மருந்து இரட்டிக்கிறது:
ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு,
கந்துவட்டி மாதிரி.

காசநோய் இல்லை இது. அதன் பங்காளி.
குழாய்த் தண்ணீரில், தோட்டத்து மண்ணில்
யார் வம்புக்கும் போகாமல் கிடந்தது
சாட்ஸ்வொர்த் பெண்ணொருத்தியின் இடது நுரையீரலுக்கு
ஏன் குடிவந்தது என்று தெரியாது.
வயது ஐம்பத்தெட்டு.
காசநோய் மாத்திரை இரண்டு தடவை
ஒருநாள் தவறாமல் முடித்தவர்.
இரண்டு தடவையும் நாங்கள் தட்டியது
பக்கத்து வீட்டுக் கதவை.
பெயரை நான் பார்ப்பதில்லை, எண் போதும்.
பார்த்தேன். பாக்கியவதி மூட்லி.

ஐந்தாம் நாள் தட்டைக் கண்ணாடிமேல் வைத்து
அடிப்பக்கம் பார்த்தேன்.
கிளாரித்ரோமைசின் வரிசை
கழுவிக் கவிழ்த்த தம்ளர்போலத் தெளிவு.
டாக்டர் ம்கிசே போனில்:
"வேலை செய்கிறதா, மிஸ் படையாச்சி?"
செய்கிறது, ஆனால்.
அந்த ஆனாலுக்கு இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

இந்தக் கிருமியிடம் ஒரு மரபணு
தூங்கிக்கொண்டிருக்கும்.
மருந்து தொட்டால்தான் விழிக்கும்.
நாம் அடிக்கிற அடியிலேயே தடுக்கப் பழகும்.
ஆகவே பதினான்கு நாள், முப்பது டிகிரி.
நடுவில் இரண்டு இரவு மின்வெட்டு.
ஜெனரேட்டர் இருமி எழும்வரை
இன்குபேட்டர் கதவில் கை வைத்து நின்றேன்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிறவள் மாதிரி.

ஏழாம் நாளும் தெளிவு.
பத்தாம் நாள் முதல் குழியில் லேசாகப் புகை.
என் மூச்சு பட்டிருக்கும் என்று
கண்ணாடியைத் துடைத்தேன்.
மறுபடி துடைத்தேன்.
பதினான்கில் வரிசை முழுக்க
வெள்ளைப் பொத்தான்,
இஸ்திரி போட்ட பள்ளிச் சட்டையில்போல.

மிச்சம் அமிக்காசின். எட்டில் பிடித்து நிறுத்துகிறது.
ஊசி, மாதக்கணக்கில்.
பதிலுக்கு அது காதைக் கேட்கும்,
சில பேரிடம்.
அறிக்கையில் குறிப்புக்கு ஒரே வரி இடம்.
'கேட்கும் திறனை முதலில் சோதிக்கவும்'
என்று அடித்தேன். அது என் வேலை இல்லை.

என் வேலை, தட்டைச் சிவப்புப் பையில் கட்டி
ஆட்டோகிளேவில் வைப்பது.
நூற்று இருபத்தோரு டிகிரி.
எதற்கும் மசியாததெல்லாம் அதில்
கால் மணி நேரத்தில் சாகும்.
நுரையீரலை அதில் வைக்க முடியாது, அவ்வளவுதான்.

முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கீழே உம்பிலோ சாலையில்
சாட்ஸ்வொர்த் பஸ் ஹாரன் அடித்தது,
ரொம்ப நேரம்.